பால் பொங்குது, உன் காவல்

ஜூலை 3, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ரெஹானா இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "சார் தினமும் என்ன பேசறார்னு இதுல எழுதுங்கம்மா. ஒரு சத்தம் வந்தாலும் எழுதுங்க" என்றாள். அவள் கொடுத்தது நூறு பக்க நோட்டு. அவர் பேசுவதை மட்டும் எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. அதனால் மிச்சத்தை நான் நிரப்பிக்கொள்கிறேன்.

இன்று பேசியது: "தே". காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. தேங்காய்ச் சட்னியா, தேன்மொழியா தெரியவில்லை. தேன்மொழி எங்கள் பெண், ஓசூரில் இருக்கிறாள். சட்னியைக் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அதற்கும் திருப்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பெயர் ரங்கன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துச் செயலாளராக இருந்தபோது கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமல் பேசினாலே எதிர் டீக்கடைக்காரர் பாய்லரை மூடிவிட்டு வந்து நின்று கேட்பாராம். கடவுள் இல்லை என்ற கட்சி. பெற்றவர்கள் வைத்த ரங்கசாமியில் சாமியை வெட்டிப் போட்டுவிட்டு ரங்கன் ஆனவர். "மிச்சம் இருக்கறதும் பெருமாள்தானுங்களே" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

மே மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, கால் பாதி போயிற்று, பேச்சு முழுதாகப் போயிற்று. சொன்னால் எல்லாம் புரிகிறது, வாயில்தான் வரவில்லை. முதல் சில மாதங்களில் வருகிற பேச்சுதான் வரும், பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். தேன்மொழி அழுதாள். நான் அழவில்லை. ஐப்பசிக்குள் இந்த மனுஷனைப் பேச வைக்கிறேனா இல்லையா பார். நான் கையில் எடுத்த காரியம் எது முடியாமல் போயிருக்கிறது?

ஜூலை 4, வெள்ளி

இன்று பேசியது: ஒன்றுமில்லை. அரைக்கீரை கடைந்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பேசிவிட்டார்! வரிசையாக எழுதுகிறேன்.

நான் தினமும் சொல்வது காவல் மாலை. எங்கள் ஊர் மாகாளியம்மன் மேல் யாரோ பாடியது. தலையில் தொடங்கிப் பாதம் வரைக்கும் ஒவ்வோர் அங்கமாக அம்மனிடம் ஒப்படைக்கிற பாட்டு. "கண்ணிரண்டும் உன் காவல், காதிரண்டும் உன் காவல்" என்று போகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்கிறேன். ஜுரத்திலும் விட்டதில்லை. பாதம் வரை முடிக்காமல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் பட விடமாட்டேன்.

எனக்கு அது பாட்டு மட்டுமில்லை, கடிகாரமும்தான். பாலை அடுப்பில் வைத்து, மோட்டாரைப் போட்டு, விளக்கை ஏற்றி உட்கார்ந்தேன் என்றால், காதுக்கு வரும்போது பால் பொங்கும். தோளுக்கு வரும்போது மாடித் தொட்டி வழியும். அதற்காகப் பாட்டை நிறுத்த முடியுமா? அதே ராகத்திலேயே "ஏனுங்க, பால் பொங்குது, அடுப்ப அணைங்க" என்று இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அவர் பேப்பரை வைத்துவிட்டுப் போய் அணைப்பார். தானே காப்பி கலந்துகொள்வார். எனக்கும் ஒரு டம்ளர் கலந்து, தட்டைப் போட்டு மூடி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு பேப்பரில் விழுந்துவிடுவார். வயிற்றுக்கு வரும்போது "காப்பி ஆறுது, குடிங்க" என்று அவருக்கு ஞாபகப்படுத்துவதும் என் வேலைதான். நான் முடித்துவிட்டு என் டம்ளரை எடுத்தால் அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். பழகிப்போயிற்று.

இப்போது அதெல்லாம் இல்லை. மோட்டாருக்கு மருமகன் தானாக நிற்கிற சுவிட்ச் போட்டுவிட்டார். பாலை முதலிலேயே காய்ச்சி இறக்கிவிடுகிறேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு தடங்கலும் இல்லாமல் சுத்தமாகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் காதில் விழக்கூடாது என்று பேப்பரைச் சடசடவென்று புரட்டுவார். இப்போது எங்கே ஓடுவார்?

இன்று காலை "கண்ணிரண்டும் உன் காவல்" என்று சொல்லிவிட்டு இருமல் வந்து நிறுத்தினேன். கட்டிலில் இருந்து, தெளிவாக, ராகத்தோடு:

"காதிரண்டும் உன் காவல்."

அம்மா தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பின்னால் பால், அடுப்பு என்று என்னவோ சொன்னார். அது கணக்கில் இல்லை.

தேன்மொழிக்குச் சொன்னேன். சம்பந்திக்குச் சொன்னேன். கீரைக்காரிக்கும் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

ரெஹானா வந்தாள். நான் முதல் வரியை எடுத்துக் கொடுக்க, அவர் முழுப் பாட்டையும் சொன்னார். "ஏனுங்க, பால் பொங்குது, அடுப்ப அணைங்க" வந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டறியாத மனுஷன் வாயில் "ஏனுங்க"! எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

இது அருள்தானே என்று கேட்டேன். "அருளோ என்னவோ, அது எனக்குத் தெரியாதும்மா. நாமளா யோசிச்சுப் பேசற பேச்சு மூளையில ஒரு பக்கம், கேட்டுக் கேட்டுப் பதிஞ்ச பாட்டு வேற பக்கம். அந்தப் பக்கம் அடிபடல. அதான் வருது" என்றாள். பால் அடுப்பு சமாசாரத்தைத்தான் தன் நோட்டில் அக்கறையாகக் குறித்துக்கொண்டாள். "அம்மா, இது ரொம்ப முக்கியம். இதுதான் அவர் பேச வேண்டிய பேச்சு" என்றாள். சின்னப் பெண், எது முக்கியம் என்று அவளுக்கு என்ன தெரியும்?

நான் ஆரம்பித்தால் போதும், அவர் வாய் தானாகப் பின்னால் வருகிறது. நடுவில் நிறுத்தப் பார்க்கிறார், நிற்கமாட்டேன் என்கிறது. முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். பக்தி முற்றினால் அப்படித்தான் வரும்.

ஜூலை 12, சனி

சௌந்தரி அக்கா வந்தாள். மாகாளியம்மன் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பாராயணம் நடத்துவது அவள்தான். கையில் பிரசாதம், வாயில் யோசனை.

"மயிலாத்தா, சாமியே இல்லைன்னவன் நாக்குல அம்மா வந்து உக்காந்திருக்கறா. இதை ஊருக்குக் காட்டாம மூடி வெச்சிருக்கறயே! ஆடி ரண்டாம் வெள்ளிக்கு மண்டபத்துல உன்ற வீட்டுக்காரர உக்கார வெச்சுரலாம். நீ எடுத்துக் குடு, அவரு சொல்லட்டும். மைக்குப் போட்டுரலாம். போர்டு வெக்கறது என்ற பொறுப்பு."

அவள் முடிப்பதற்கு முன்பே சரி என்றுவிட்டேன். எத்தனை வருஷக் கேலி! 'உங்க அம்மனுக்குக் காது கேக்காதா, தினம் சொல்ல வேண்டியிருக்குதே' என்று எத்தனை நாள் கேட்டிருப்பார்! அதே வாய் மைக்கில் சொல்லட்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்லிக்ஸ் டம்ளர் பறந்து வந்து பீரோவில் மோதி விழுந்தது. இடது கையால் எறிந்திருக்கிறார். இடது கையில் நல்ல பலம் இருக்கிறது என்று தேன்மொழிக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மண்டபத்துக்குக் கட்ட அவருடைய பட்டுக்கரை வேட்டியை எடுத்து வெயிலில் போட்டேன். இன்று பேசியது: காவல் மாலை, முழுவதும். அவரோடு நானும் நன்றாகச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

ஜீவரத்தினம் அண்ணன் வந்தார். சங்கத்தில் இவரோடு இருந்தவர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, பாட்டு வருகிறதென்றால் கோஷமும் வருமே என்று கையை உயர்த்தி ஒன்றிரண்டு எடுத்துக் கொடுத்தார். இவர் வாயைத் திறந்தார், திறந்தபடியே இருந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது, அதை மறைப்பானேன்? ஊர் ஊராகப் போட்ட கோஷம் தங்கவில்லை, என் பாட்டு தங்கிவிட்டது.

போகும்போது வாசலில் நின்று கேட்டார். "மண்டபத்துல அவன உக்கார வெக்கறீங்கன்னு தெருமுனையில போர்டு பார்த்தனுங் அம்மிணி. அவன் சரின்னானா?"

"அவரு பேசினாத்தானுங்களே சரின்னு சொல்றதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறனுங்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர், என் பாட்டு, அந்த அண்ணன் யார் நடுவில்?

செருப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் இவர்தான் என்னைக் கோயிலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். உள்ளே வரமாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் என் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார். "ரங்கண்ணன் செருப்புக்குக் காவல்" என்று அவருடைய ஆட்களே கிண்டல் செய்வார்கள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் நிற்பார்.

இன்னொன்றும். தேன்மொழி கைக்குழந்தையாக இருந்தபோது இவர்கள் மாநாடு ஒன்று. செயலாளர் சம்சாரம் மேடையேறிக் குங்குமத்தை அழித்துக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று பெரிய ஆட்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் சொன்னார்: "அது அவ நெத்திங்க. அவளுக்கு வேண்டாம்னா வேண்டாம். என்னைக் கேக்காதீங்க." அன்றைக்கு அவர்களுக்கு டீகூடக் கொடுக்கவில்லை இவர்.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ரெஹானா கேட்டது பேச்சுக் கணக்கு.

ஜூலை 17, வியாழன்

இன்று பேசியது: ஒன்றுமில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது. சமையலறையில் மெதுவாகச் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

ரெஹானா புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தாள். இடது கைக் கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. "சார், உங்க பேரு ரங்கனா?" மேலே. "உங்களுக்கு உப்புமா பிடிக்குமா?" கீழே. அப்படிக் கீழே. முந்தாநாள் இரண்டு கரண்டி உப்புமா வைத்தேன் நான்.

பிறகு அவள், என்னைக் கேட்காமல், "ஆடி வெள்ளிக்கு மண்டபத்துக்குப் போலாமா சார்?" என்றாள்.

கட்டைவிரல் கீழே. அது மட்டுமில்லை, கையைக் கட்டிலோடு வைத்து அழுத்தினார். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு. அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அவள் கேட்ட விதம் சரியில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவள் போன பின்பு நானே நல்லபடியாகக் கேட்டேன். "ஏனுங்க, அம்மன் சன்னதியில உக்காந்து ரண்டு வரி. உங்களுக்குப் புண்ணியம்தானுங்களே?"

கீழே.

"எனக்காகங்க."

இந்த முறை விரலைத் தூக்கவே நேரம் எடுத்தது. பாதி தூரம் மேலே வந்தது. பிறகு கையை மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்காக என்று கேட்டிருக்கக்கூடாது. அன்றைக்கு மாநாட்டுக்காரர்கள் வந்தபோது இவர் என்னிடம் எனக்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஏறியிருப்பேன். அழித்தும் இருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

சௌந்தரி அக்கா வீட்டுக்கு நானே போனேன்.

"அவரு வரமாட்டாருங்க்கா."

"போர்டே வெச்சாச்சு மயிலாத்தா! சாமி காரியத்துல பின்வாங்கலாமா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகறதுக்கு இன்னும் என்னங்க்கா மிச்சம் இருக்குது? அவரு வேண்டாம்னுட்டாரு. வாய் இருந்திருந்தா உங்க காது கிழியறாப்பல சொல்லியிருப்பாரு. வாய் இல்லீங்கறதுக்காக நாம இழுத்துட்டுப் போறதுங்களா?"

"அம்மன் கேட்டா என்ன பதில் சொல்லுவே?"

"அம்மனுக்குச் சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கறனுங்க்கா. தினம் பேசற பழக்கம் எங்களுக்கு இருக்குது."

திரும்பி வரும்போது தெருமுனையில் அந்தப் போர்டைப் பார்த்தேன். 'நாத்திகர் நாவில் அன்னை' என்று போட்டு, அவர் போட்டோ. எங்கேதான் பிடித்தார்களோ, முப்பது வருஷத்துக்கு முந்தைய மீசையோடு. போர்டைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பட்டுக்கரை வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. இவரைத் தனியே விட்டுப் போக முடியாது என்பது ஒரு காரணம்.

அவர் காதில் விழவேண்டாம் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு சாமி மாடத்தின் முன் உட்கார்ந்தேன். நெற்றிகூடத் தாண்டவில்லை, உள்ளே தொம் தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார்.

"கதவத் திறக்கறதுங்களா?" கட்டைவிரல் மேலே.

"பாட்டு நிறுத்தட்டுங்களா?" கீழே.

"நீங்களும் சொல்றீங்களா?" கீழே.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவருக்குக் கேட்கவேண்டும், ஆனால் சொல்ல வேண்டாம். சரி என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு என் இடத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். காலையில் பேச்சும் யோசனையுமாகப் பாலைக் காய்ச்சி இறக்க மறந்திருந்தேன். பழையபடி அடுப்பிலேயே இருந்தது. நான் "காதிரண்டும் உன் காவல்" சொல்லி மூச்சு விட்டேன். உள்ளிருந்து வந்தது:

"ஏனுங்க. பால் பொங்குது. அடுப்ப அணைங்க."

நிஜமாகவே பொங்கியது. ஓடிப்போய் அணைத்தேன்.

காவல் வரிகளில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டிருக்கிறார், நான் எட்டிப் பார்த்தேன். ஆனால் தோள் வந்ததும் "மோட்டார நிறுத்துங்க, தொட்டி வழியுது". வயிறு வந்ததும் "காப்பி ஆறுது, குடிங்க". என் பாட்டில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இத்தனை வருஷமாகப் பேப்பருக்குள் தலையை வைத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிடுகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்று பேசியது: மூன்று வாக்கியம். மூன்றும் நான் பேசியவைதான். இருக்கட்டும்.

அம்மனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை 28, திங்கள்

ரெஹானாவுக்கு ஒரே சந்தோஷம். "அந்த இடம் வந்ததும் நீங்க நிறுத்திடுங்கம்மா. எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் சொல்லட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த வார்த்தைய வெளியில எடுப்போம்" என்றாள். எது முக்கியம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மருமகன் போட்ட தானியங்கி சுவிட்சை அணைத்துவிட்டேன். மோட்டார் பழையபடி என் கையில். பாலும் பழையபடி அடுப்பில்.

ஆகஸ்ட் 2, சனி

சௌந்தரி அக்கா பிரசாதத்தோடு வந்தாள். கோபம் தணிந்த மாதிரி முகம். கட்டிலருகே போய் நின்றவள், சும்மா இருக்காமல், கண்ணை மூடிக்கொண்டு காவல் மாலையை எடுத்துவிட்டாள். இவர் வாயிலிருந்து எப்படியாவது ஒரு வரி வாங்கிவிடுவது என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "நிறுத்துங்க."

அக்கா நிறுத்தவில்லை.

"மோட்டார நிறுத்துங்க!"

"மோட்டார் எங்கே ஓடுது?" என்று அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் இவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரிக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு முதல் சிரிப்பு. கோணல் சிரிப்புதான். எனக்கு அது போதும்.

இன்று பேசியது: நிறுத்துங்க. தோள் வரி வராமலே வந்தது. இதை ரெஹானாவுக்குச் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மின்விசிறியைப் பார்த்து "நிறுத்துங்க". டிவியைப் பார்த்து "அணைங்க". என் பேச்சைப் பார்த்தும் "நிறுத்துங்க". பழைய மனுஷன் வந்துகொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று பேசியது: காப்பி. கேட்டு வாங்கிக் குடித்தார். ஜீவரத்தினம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை. விளக்கேற்றினேன். இப்போது அவரைச் சக்கர நாற்காலியில் சாமி மாடத்துக்கு எதிரே, பேப்பரோடு, அவருடைய பழைய இடத்திலேயே உட்கார வைக்கிறேன். உட்கார்ந்ததும் மாடத்துக்குப் பாதி முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அது அவர் கொள்கை.

காதுக்குப் பால் பொங்கியது. அவர் சொன்னார், நான் எழுந்து அணைத்து, இரண்டு காப்பி கலந்து, அவருடையதை முக்காலியில் வைத்து, என்னுடையதைத் தட்டுப் போட்டு மூடி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வைக்கிற இடத்தில். தோளுக்கு மோட்டார் நின்றது. வயிற்றுக்கு வந்தேன். "வயிறு உன் காவல், வாழ்வு உன் காவல்" என்று சொல்லிவிட்டு, ரெஹானா சொன்னபடி நிறுத்தினேன். காப்பி ஆறுது, குடிங்க என்று அவர் சொல்ல வேண்டிய இடம்.

"காப்பி" என்றார்.

காத்திருந்தேன்.

பேப்பரைக் கீழே போட்டார். இடது கையை நீட்டி, என் டம்ளர் மேல் இருந்த தட்டைத் தட்டிவிட்டார். தட்டு உருண்டுபோய்ச் சுவரில் நின்றது. ஆவி வந்துகொண்டிருந்தது. வாயைக் குவித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, முகமெல்லாம் சிவந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் தேடிக்கொண்டிருந்தது என் பாட்டில் எங்கேயுமே இல்லாத வார்த்தை.

"நீ" என்றார். மூச்சு வாங்கினார். "நீ குடி."

நான் இன்னும் பாதம் வரவில்லை. இடுப்பு இருக்கிறது, தொடை இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் முடிக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

மாடத்தை ஒரு முறை பார்த்தேன். டம்ளரை எடுத்துக் குடித்தேன். அவர் கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

இன்று பேசியது: நீ குடி. இரண்டு வார்த்தையும் அவருடையவை.

காப்பி சூடாக இருந்தது.